பேன்ஸி ஸ்டோரில் முதல் மேக்கப்: முகம், உதடு, புருவம்

வெளிநாட்டு வீடியோக்களில் ‘ட்ரக்ஸ்டோர் மேக்கப்’ என்ற வார்த்தை அடிக்கடி வரும். அங்கே மருந்துக் கடையிலேயே லிப்ஸ்டிக், பவுடர் எல்லாம் தொங்கவிட்டு விற்பதால் வந்த பேர். கையில் இருக்கும் காசுக்கு யாரும் வாங்கக்கூடிய மேக்கப் என்று அர்த்தம். நம் ஊர் மெடிக்கலில் சன்ஸ்கிரீன், லிப் பாம் வரைக்கும் கிடைக்கும், மற்றதெல்லாம் பேன்ஸி ஸ்டோர்தான். பழைய வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோடு, ஜி.ஏ. ரோடு, பெரம்பூர், திருவொற்றியூர் டி.எச். ரோடு என்று வடசென்னையில் எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒரு பேன்ஸி ஸ்டோர் இருக்கும்.

நான் தண்டையார்பேட்டையில் இருக்கிறேன். பார்லர் வைத்திருக்கவில்லை. ஆனால் எங்கள் தெருவில் வளைகாப்பு, காதுகுத்து, நிச்சயதார்த்தம் என்றால் பெண்களுக்கு மேக்கப் போட்டுவிடக் கூப்பிடுவார்கள். இந்த வருஷம் அக்கா பெண் காலேஜ் சேர்ந்தாள், “சித்தி, ஆயிரம் ரூபாய் வைத்திருக்கிறேன், என்ன வாங்கட்டும்?” என்று கேட்டாள். அவளுக்குச் சொன்னதை இங்கே எழுதுகிறேன், அவளை மாதிரி முதல் தடவை வாங்குகிறவர்கள் நிறையப் பேர் இருப்பீர்கள்.

எல்லாவற்றுக்கும் முன்னால் ஒன்று. கடைக்குள் போனதும் உங்களைப் பார்த்துவிட்டு, உங்கள் நிறத்தைவிட இரண்டு ஷேட் வெளுத்த பவுண்டேஷனை, அதாவது முகத்தின் நிறத்தைச் சீராக்கப் பூசும் க்ரீமை, எடுத்து நீட்டுவார்கள். “இது போடும்மா, நல்லா கலரா காட்டும்” என்பார்கள். வாங்காதீர்கள். என் நிச்சயதார்த்தத்துக்கு நான் அப்படித்தான் வாங்கினேன், கடைக்கார அக்கா சொன்னதை நம்பினேன். போட்டோவில் முகம் மட்டும் சாம்பல் பூத்து, கழுத்து வேறு நிறத்தில் நின்றது. அந்த ஆல்பத்தைத் திறக்க எனக்கு இன்னமும் மனசு வருவதில்லை. அந்தக் கஷ்டம் இன்னொரு பெண்ணுக்கு வரக்கூடாது என்பதால்தான் இதை முதலில் சொல்கிறேன்.

ஏன் சாம்பலாகிறது என்று புரிந்துகொண்டால் யார் என்ன சொன்னாலும் ஏமாற மாட்டீர்கள். வெளுத்த ஷேடில் டைட்டானியம் டை ஆக்சைடு என்ற வெள்ளை நிறமி அதிகமாக இருக்கும். மாநிறமோ கறுப்போ, அந்தத் தோல் மேல் மெல்லிய வெள்ளைப் படலம் விழுந்தால் அது வெளுப்பாகத் தெரியாது, சாம்பலாகத்தான் தெரியும். கரும்பலகையில் சாக்பீஸைத் தேய்த்து அழித்த மாதிரி. அதோடு அந்த ஷேட் ரோஸ் சாயலில் இருந்துவிட்டால் இன்னும் மோசம், ஏனென்றால் நம்மில் பெரும்பாலானவர்களுக்குத் தோலில் மஞ்சள் அல்லது பொன் சாயல் இருக்கும். உங்கள் கழுத்து என்ன நிறமோ அதுதான் உங்கள் ஷேட். கறுப்பாக இருந்தால் கறுப்பான ஷேட், அதில் பேரம் வேண்டாம்.

ஆயிரம் ரூபாயில் என்ன வாங்கலாம்

சின்ன பவுண்டேஷன் ட்யூப் ஒன்று, காம்பாக்ட் (அழுத்தி டப்பாவில் அடைத்த பவுடர்) ஒன்று, லிப்ஸ்டிக் இரண்டு, ஐப்ரோ பென்சில் ஒன்று. பார்த்து வாங்கினால் ஆயிரத்துக்குள் முடித்துவிடலாம். பிரைமர், ஹைலைட்டர், பன்னிரண்டு நிற ஐ ஷேடோ பெட்டி இதெல்லாம் இப்போது வேண்டாம். கடையில் பத்துப் பொருள் அடங்கிய ‘கிட்’ ஒன்றை முந்நூறு ரூபாய்க்குக் காட்டுவார்கள், அதில் ஒன்றுகூட உங்கள் நிறத்துக்கு ஒத்துவராது என்று நூற்றுக்கு நூறு நம்பலாம். அந்தக் காசில் சரியான ஷேடில் ஒரே ஒரு பவுண்டேஷன் வாங்குங்கள்.

விலை குறைவு என்றால் மட்டம் என்று நினைக்க வேண்டியதில்லை. 1952-ல் டாடா குழுமம் தொடங்கிய லாக்மே இன்றைக்கு இந்துஸ்தான் யூனிலிவர் கையில் இருக்கிறது. காலேஜ் பெண்கள் வாங்கும் எல் 18 லிப்ஸ்டிக்கும் அதே நிறுவனத்துடையதுதான். ஐடெக்ஸ் கண் மை தெரியும் இல்லையா, அது நம் சென்னைக் கம்பெனியான அரவிந்த் லேபரட்டரீஸின் சரக்கு, டாஸ்லர் என்ற பேரில் அவர்களிடம் லிப்ஸ்டிக்கும் காம்பாக்டும்கூட உண்டு. ப்ளூ ஹெவன், இன்சைட், ஸ்விஸ் பியூட்டி, மார்ஸ் என்று குறைந்த விலையில் இன்னும் பல இருக்கின்றன. பவுண்டேஷனுக்கு மட்டும் கொஞ்சம் கூடுதலாகச் செலவு செய்யச் சொல்வேன், ஷேட் நிறைய இருக்கிற கம்பெனியாகப் பார்த்து. மேபிலின் ஃபிட் மீ 18 மில்லி சின்ன ட்யூபில் வருகிறது, 128, 220, 230, 310, 330 என்று எண் ஏற ஏற நிறம் அடர்த்தியாகும். ஆனால் ஒரு கம்பெனியின் எண்ணை வைத்து இன்னொரு கம்பெனியில் கேட்கக்கூடாது, ஒவ்வொருவரின் கணக்கும் வேறு.

எதை வாங்கினாலும் டப்பாவைத் திருப்பிப் பாருங்கள். தயாரிப்பாளர் பேர், முகவரி, உற்பத்தி உரிம எண், பேட்ச் எண், காலாவதித் தேதி இவை இருக்க வேண்டும். வெளிநாட்டுப் பொருள் என்றால் இறக்குமதி செய்தவரின் பேரும் முகவரியும் பதிவுச் சான்றிதழ் எண்ணும் இருக்க வேண்டும். பெரிய பிராண்ட் பேர் போட்டு, ‘ஃபர்ஸ்ட் காப்பி’ என்று சொல்லி, இந்த விவரம் எதுவும் இல்லாமல் நூறு ரூபாய்க்குக் கொடுத்தால் அது நம் முகத்துக்கு வேண்டாம். மூடி திறந்த டப்பா மாதிரி ஒரு சின்னப் படம் இருக்கும், அதற்குள் 6M, 12M என்று போட்டிருக்கும். திறந்த பிறகு அத்தனை மாதம் வரை பயன்படுத்தலாம் என்று அர்த்தம். நான் திறந்த தேதியை மார்க்கரால் டப்பா அடியிலேயே எழுதிவிடுவேன்.

இதே கடையில் ஒரு வாரத்தில் முகம் வெளுக்கும் என்று பேரில்லாத க்ரீம் டப்பாவும் விற்பார்கள். அதைத் தொடவே தொடாதீர்கள், கெஞ்சிக் கேட்கிறேன். அந்த மாதிரி க்ரீம்களில் பாதரசமோ ஸ்டீராய்டோ கலந்திருக்கலாம். கேரளாவில் மலப்புரம் பக்கம் இப்படிப்பட்ட க்ரீம் பூசியவர்களுக்குச் சிறுநீரகம் பாதித்ததை மருத்துவர்கள் 2023-ல் கண்டுபிடித்துச் சொன்னார்கள். மேக்கப்பை ராத்திரி கழுவினால் போய்விடும், இது அப்படிப் போகாது.

ஷேட் பார்ப்பது எப்படி

காலை பதினொரு மணி வாக்கில், பவுடர்கூடப் போடாமல், முகத்தைக் கழுவிக்கொண்டு போங்கள். தினமும் மஞ்சள் பூசிக் குளிப்பவராக இருந்தால் இரண்டு நாள் முன்னாலிருந்தே முகத்துக்கு மஞ்சளை நிறுத்துங்கள், மஞ்சள் படிந்திருந்தால் எந்த ஷேடும் சரியாகத் தெரியாது. கடையில் மணிக்கட்டில்தான் தேய்த்துக் காட்டுவார்கள், அதை வைத்து முடிவு செய்யாதீர்கள், கையும் முகமும் ஒரே நிறமில்லை, அதுவும் பைக், பஸ் என்று தினமும் வெயிலில் போகிற நமக்கு. தாடை ஓரத்தில், முகமும் கழுத்தும் சேருகிற இடத்தில், பக்கத்துப் பக்கத்தில் மூன்று ஷேடை ஒவ்வொரு கோடாகப் போடச் சொல்லுங்கள். எது தோலோடு கரைந்து காணாமல் போகிறதோ அதுதான் உங்களுடையது.

உடனே காசு கொடுத்துவிடாதீர்கள். கடைக்குள் எரிகிற வெள்ளை லைட்டில் எல்லாமே நன்றாகத்தான் தெரியும். தெருவுக்கு வந்து வெளிச்சத்தில் செல்போனில் ஒரு போட்டோ எடுத்துப் பாருங்கள். அப்புறம் அரை மணி நேரம் எங்கேயாவது சுற்றிவிட்டு வாருங்கள். பவுண்டேஷன் தோலில் இருக்கும் எண்ணெயோடும் வியர்வையோடும் சேர்ந்து கொஞ்ச நேரத்தில் நிறம் கறுக்கும், சிலது ஆரஞ்சாகவும் மாறும். அந்த அரை மணியில் ஒரு ப்ளேட் அத்தோ, அதாவது பர்மா நூடுல்ஸ், சாப்பிடலாம். பர்மாவிலிருந்து திரும்பி வந்தவர்கள் வியாசர்பாடிப் பக்கம் குடியேறியதால் நமக்குக் கிடைத்த வரம் அந்த அத்தோ. கடையில் போட்டுப் பார்க்க வைத்திருக்கும் லிப்ஸ்டிக் டெஸ்டரையும் கையில் தேய்த்துக்கொண்டு போனீர்கள் என்றால் அதன் நிறம் எப்படி மாறுகிறது என்றும் சேர்த்தே பார்த்துவிடலாம்.

டெஸ்டர் லிப்ஸ்டிக்கை நேராக உதட்டில் வைக்காதீர்கள். எத்தனை பேர் உதட்டில் பட்டதோ தெரியாது. டிஷ்யூவால் மேல் படலத்தைத் துடைத்துவிட்டு, விரல் நுனியில் தேய்த்துப் பாருங்கள். விரல் நுனியின் நிறம் உதட்டுக்குக் கிட்டத்தட்ட வரும். மை, மஸ்காரா டெஸ்டரைக் கண்ணுக்குப் பக்கத்திலேயே கொண்டு போக வேண்டாம். மெட்ராஸ் ஐ என்று நம் ஊர்ப் பேரிலேயே ஒரு வியாதி இருக்கிறது, அது எப்படிப் பரவும் என்று நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அக்கா தங்கைக்குள்கூட மையைப் பகிராதீர்கள்.

வீட்டுக்கு வந்ததும் காதுக்குப் பின்னால் கொஞ்சம் தடவி ஒரு நாள் விட்டுப் பாருங்கள். அரிப்போ தடிப்போ வந்தால் முகத்துக்குப் போடக்கூடாது. நாளைக்குக் கல்யாணம் என்று இன்றைக்குப் புதுப் பொருள் வாங்குவதை நான் ஒத்துக்கொள்ளவே மாட்டேன்.

முகம்

நம் பக்கம் கடற்காற்று இருந்தாலும் புழுக்கம் விடாது. காசிமேடு, திருவொற்றியூர் ஆட்களுக்குத் தெரியும், காலையில் எட்டு மணிக்கே மேலுதடு வியர்த்துவிடும். எண்ணூர் விரைவுச் சாலையில் கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே வண்டியில் போனால் புழுதி வேறு. அதனால் நம் முகத்துக்கு மெல்லியதாகப் போட்டால்தான் நிற்கும். தடிமனாகப் போட்டால் பாளம் பாளமாக வெடித்து வழியும்.

முகத்தைக் கழுவுங்கள். நெற்றி ஓரத்தில் தலைக்கு வைத்த தேங்காய் எண்ணெய் இறங்கியிருந்தால் அதையும் சோப்புப் போட்டு எடுத்துவிடுங்கள், பலருக்கு மேக்கப் முதலில் கரைகிற இடம் அந்த நெற்றிதான், காரணம் அந்த எண்ணெய். ஜெல் மாதிரி இருக்கும் மாய்ஸ்சரைசரைக் கொஞ்சமாகப் பூசி ஐந்து நிமிஷம் விடுங்கள். பகலில் வெளியே போவதாக இருந்தால் எஸ்பிஎஃப் 30-க்குக் குறையாத சன்ஸ்கிரீன், இரண்டு விரல் நீளத்துக்கு, முகத்துக்கும் கழுத்துக்கும். பவுண்டேஷனிலேயே எஸ்பிஎஃப் இருக்கிறதே என்று இதை விட்டுவிடாதீர்கள், அது எழுதியிருக்கும் அளவு காப்பாற்ற வேண்டுமென்றால் அத்தனை தடிமனாகப் பவுண்டேஷன் பூச வேண்டும், யாரும் பூசுவதில்லை. சன்ஸ்கிரீன் காய்வதற்குப் பத்து நிமிஷம் கொடுங்கள், அந்த நேரத்தில் சேலை மடிப்பு எடுத்துக்கொள்ளலாம்.

பவுண்டேஷன் ஒரு பட்டாணி அளவு போதும். கைப் பின்புறத்தில் விட்டு, விரலால் தொட்டு, மூக்கு ஓரம், வாயைச் சுற்றி, கன்னம் என்று நிறம் எங்கே சீராக இல்லையோ அங்கே முதலில் வைத்து வெளிப்பக்கமாக ஒற்றிக்கொண்டே போங்கள். தேய்க்கக்கூடாது, ஒற்ற வேண்டும். ஸ்பாஞ்ச் வைத்திருந்தால் தண்ணீரில் நனைத்து, சொட்டில்லாமல் பிழிந்துவிட்டு ஒற்றுங்கள், உலர்ந்த ஸ்பாஞ்ச் பாதியைக் குடித்துவிடும். தாடைக்குக் கீழே வரும்போது விரலில் மிச்சமிருப்பதை மட்டும் கழுத்தில் தடவிவிடுங்கள். சரியான ஷேடாக இருந்தால் எங்கே முடிந்தது என்றே தெரியாது. கண்ணுக்குக் கீழே கருவளையம் இருக்கிறவர்கள் வெளுத்த கன்சீலரை அப்பாதீர்கள், அங்கேயும் அதே சாம்பல் கதைதான். ஆரஞ்சு நிறக் கரெக்டர் துளி வைத்து, அதன் மேல் உங்கள் பவுண்டேஷனையே ஒற்றினால் போதும், நீலம் பாய்ந்த கறுப்பை ஆரஞ்சுதான் அடக்கும்.

காம்பாக்டைப் பஃப்பில் எடுத்து, தட்டி உதறிவிட்டு, மூக்கு, நெற்றி, மேலுதடு, தாடை இங்கே மட்டும் அழுத்தி எடுங்கள். முகம் முழுக்க வேண்டாம். ராத்திரி விசேஷத்துக்குப் போகிறவர்கள் வெள்ளைப் பவுடரைத் தவிர்த்துவிடுங்கள், ஃப்ளாஷ் அடித்தால் அந்த வெள்ளை வெளிச்சத்தைத் திருப்பி அனுப்பி முகத்தில் மாவு கொட்டின மாதிரி காட்டும். உங்கள் நிறக் காம்பாக்ட் போதும். வியர்த்தால் உடனே பவுடர் போடாதீர்கள். முதலில் பருத்திக் கைக்குட்டையால் ஒற்றி எடுங்கள், காற்றாட ஒரு நிமிஷம் விடுங்கள், அப்புறம் பவுடர். ஈரத்தின் மேல் பவுடர் போட்டால் திட்டுத் திட்டாக ஒட்டிக்கொள்ளும். வண்டியில் பின்னால் உட்கார்ந்து போகிறவர்கள் துப்பட்டாவை முகத்தில் இறுக்கிச் சுற்றினால் மேக்கப்பெல்லாம் துணிக்குப் போய்விடும், அதனால் சன்ஸ்கிரீனோடு கிளம்பி, போன இடத்தில் பத்து நிமிஷத்தில் மிச்சத்தைப் போட்டுக்கொள்வது நல்லது.

உதடு

லிப்ஸ்டிக் நிறத்தை இங்கிலீஷ் பேரில் தேடினால் குழப்பம்தான். பட்டுச் சேலை எடுக்கும்போது சொல்வோம் இல்லையா, அரக்கு, மாந்தளிர், வெங்காய நிறம், மாதுளை, செங்கல் நிறம் என்று, அந்தப் பேர்களை மனசில் வைத்துக்கொண்டு கடைக்குப் போங்கள். எந்த நிறச் சேலையைத் தோளில் போட்டால் முகம் எடுப்பாக இருக்கிறதோ அதே குடும்பத்து லிப்ஸ்டிக் உங்களுக்கு ஒத்துவரும். முதல் இரண்டுக்கு நான் சொல்வது, தினசரிக்கு மாந்தளிர் அல்லது வெங்காயத்தின் அடர்ந்த நிறம், விசேஷத்துக்கு அரக்கு. மாநிறத்துக்கும் கறுப்புக்கும் அரக்கு மாதிரி எடுப்பது வேறு எதுவும் இல்லை, எத்தனையோ பெண்களுக்குப் போட்டுவிட்டுப் பார்த்திருக்கிறேன். தோல் நிறத்தை ஒட்டியது என்று சொல்லி விற்கும் வெளுத்த ‘நியூட்’ ஷேட் வேண்டாம், அதிலும் வெள்ளை நிறமிதான் கூடுதல், உதடு சோகை பிடித்த மாதிரி ஆகிவிடும். நமக்கு நியூட் என்றால் அது காப்பிக்கொட்டை, பழுப்பு, அந்த வரிசையில்தான் இருக்கும்.

மேலுதடு கறுத்தும் கீழுதடு ரோஸாகவும் நிறையப் பேருக்கு இருக்கும். அதற்காக வருத்தப்பட ஒன்றுமில்லை. விரலில் ஒட்டியிருக்கும் பவுண்டேஷனை மேலுதட்டில் லேசாகத் தட்டிவிட்டு லிப்ஸ்டிக் போட்டால் இரண்டும் ஒரே நிறமாக வரும்.

உடை மாற்றும்போதே லிப் பாம் போட்டு வையுங்கள், லிப்ஸ்டிக்குக்கு முன்னால் துடைத்துவிடுங்கள். முதல் பூச்சு போட்டு, டிஷ்யூவை உதடுகளுக்கு நடுவே வைத்து அழுத்தி எடுங்கள், அப்புறம் இரண்டாவது பூச்சு. இப்படி ஒற்றினால் மெழுகும் எண்ணெயும் டிஷ்யூவுக்குப் போய் நிறம் உதட்டில் தங்கும். பளபளப்பில்லாமல் காயும் லிக்விட் மேட் லிப்ஸ்டிக் வாங்கினால் ஒரே மெல்லிய பூச்சுதான், காய்கிற வரை உதட்டைச் சேர்த்துத் தேய்க்காதீர்கள், உரிந்துவிடும். எந்த லிப்ஸ்டிக்கும் எண்ணெய்க்கு முன் நிற்காது. பிரியாணியோ அத்தோவோ சாப்பிட்டால் நடு உதட்டில் கரையும், சாப்பிட்ட பிறகு துடைத்துவிட்டுத் திரும்பப் போட வேண்டியதுதான்.

அதே லிப்ஸ்டிக்கை இரண்டு புள்ளி கன்னத்தில் வைத்து, பவுடர் போடுவதற்கு முன் ஒற்றிவிட்டால் ப்ளஷ் தனியாக வாங்க வேண்டாம்.

புருவம்

ஐப்ரோ பென்சில் கறுப்பில் வாங்காதீர்கள். தலைமுடி எவ்வளவு கறுப்பாக இருந்தாலும் அடர் பழுப்புதான் முடி மாதிரி தெரியும், கறுப்பு வரைந்த மாதிரி தெரியும். கண் மையைப் புருவத்துக்கு இழுக்கும் பழக்கம் வீட்டில் பெரியவர்களுக்கு உண்டு. மை எண்ணெய்ப் பசையோடு செய்தது, நம் புழுக்கத்தில் அரை மணியில் நெற்றியெல்லாம் ஈஷிவிடும். கடையில் பென்சிலைக் கையில் கீறிப் பாருங்கள், வழவழவென்று ஓடினால் வேண்டாம், கொஞ்சம் காய்ந்து, அழுத்தினால்தான் நிறம் வரும் என்றால் அதுதான் நமக்கு.

த்ரெட்டிங் முதல் நாளே செய்துவிடுங்கள். நூல் பட்ட தோலில் உடனே மேக்கப்பும் வியர்வையும் சேர்ந்தால் எரியும், பொரிப் பொரியாக வரும்.

பழைய மஸ்காரா ப்ரஷ் இருந்தால் சோப்பில் கழுவிக் காயவைத்து அதால் புருவ முடியை மேல்நோக்கிச் சீவுங்கள். எங்கே இடைவெளி இருக்கிறது என்று தெரியும். வளைவிலிருந்து ஆரம்பித்து வால் பக்கம், முடி போகிற திசையில் சின்னச் சின்னக் கீற்றாக வரையுங்கள். மூக்குப் பக்கத்து முனையைக் கடைசியில் தொடுங்கள், அதுவும் பென்சிலில் மிச்சமிருப்பதை வைத்து லேசாக, ஏனென்றால் அங்கே அழுத்தினால் கோபமாக இருக்கிற மாதிரி முகம் மாறிவிடும். திரும்ப ஒரு தடவை சீவிவிட்டு, மேலே துளி காம்பாக்ட். இரண்டு புருவமும் அச்சு மாதிரி ஒன்றாக இருக்க வேண்டும் என்று மல்லுக்கட்டாதீர்கள், யாருக்கும் அப்படி இல்லை. பொட்டு ஒட்டும் இடத்தில் மட்டும் பவுண்டேஷன் இல்லாமல் விடுங்கள், இல்லாவிட்டால் ஸ்டிக்கர் விழுந்துவிடும்.

ராத்திரி

எவ்வளவு அசதியாக இருந்தாலும் கலைக்காமல் படுக்காதீர்கள். தேங்காய் எண்ணெய் நாலு சொட்டு உள்ளங்கையில் தேய்த்து முகமெல்லாம் தடவினால் லிப்ஸ்டிக் உட்பட எல்லாம் இளகும். பழைய பருத்தித் துணியால் துடைத்துவிட்டு ஃபேஸ்வாஷ் போட்டுக் கழுவிவிடுங்கள், எண்ணெயை அப்படியே விட்டால் பரு வரும். ஏற்கெனவே பரு இருக்கிறவர்களுக்கு, பஞ்சில் நனைத்து மேக்கப்பைத் துடைக்கும் மைசெல்லார் வாட்டர் நல்லது. போர் தண்ணீர் உப்பாக இருக்கும் வீடுகளில் கடைசியாக ஒரு சொம்பு குடிநீரில் முகத்தை அலசினால் வறண்டு இழுக்காது.

பஃப், ஸ்பாஞ்ச் இரண்டையும் வாரம் ஒரு தடவை சோப்பில் கசக்கி மொட்டை மாடியில் நிழலில் உலர்த்துங்கள், ஈரத்தோடு டப்பாவில் மூடினால் நம் ஊர்ப் புழுக்கத்தில் பூஞ்சை பிடிக்கும். லிப்ஸ்டிக்கை ஜன்னல் திட்டிலோ வண்டி டிக்கியிலோ வைக்காதீர்கள். கத்திரி வெயில் மாதத்தில் நான் ஒரு பழைய டிபன் பாக்ஸில் போட்டு ஃப்ரிட்ஜ் கதவில் வைத்துவிடுவேன், போடுவதற்குப் பத்து நிமிஷம் முன்னால் எடுத்தால் சரியாக இளகியிருக்கும்.